காலேஜ் இடமும் தலைவிதியும்

(மேல்மலையனூரில், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர்கள் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



ப்ளஸ் ஒன் வகுப்பில் இப்போதுதான் காலெடுத்து வைத்திருக்கிற பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்களிடம், காலேஜுக்கு மனுப் போடுவதைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னை அழைத்திருக்கிறார்கள். மேடைக்கு வரும்போதே ஒரு பெரியவர், "ஏம்பா, அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கிடக்குதே, இப்பவே என்ன அவசரம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குப் பதில் சொல்லுவதே இன்றைக்கு என்னுடைய வேலை.

தோழர்களே! மேல்மலையனூர் என்றால் வெளியூர்க்காரருக்கு அமாவாசைதான் ஞாபகத்திற்கு வரும். அன்றிரவு ஊஞ்சல் உற்சவம் என்று சொல்லி திருவண்ணாமலை, விழுப்புரம், புதுச்சேரி, சென்னை முதலிய ஊர்களிலிருந்தெல்லாம் ஸ்பெஷல் பஸ் விடுகிறார்கள். அடுத்த அமாவாசை என்றைக்கு என்று இந்த ஊரில் ஆறு வயதுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பூ விற்கிற அம்மாளுக்குத் தெரியும். எலுமிச்சம்பழம் விற்கிறவருக்குத் தெரியும். மாசித் தேருக்கு வேண்டிய சரக்கைக் கடைக்காரர் தை மாதத்திலேயே வாங்கிப் போட்டுவிடுகிறார். அது மாத்திரமல்ல. மல்லாட்டை போடுகிறவர் மழை பெய்த பிறகா விதைக்கு அலைகிறார்? விதைக்காயை முன்கூட்டியே எடுத்து வைத்து, உடைத்துத் தயாராக இருந்தால்தானே ஈரம் காய்வதற்குள் போடலாம்?

ஆகவே, நம் ஜனங்களுக்கு முன்யோசனை கிடையாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வேண்டிய அளவு இருக்கிறது. ஆனால் அதே தகப்பனாரைப் பார்த்து, "உங்கள் மகள் டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்கிறாளே, நீட் பரீட்சைக்கு எந்த மாதம் மனுப் போட வேண்டும்?" என்று கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். "அவள் தலையில் என்ன எழுதியிருக்கிறதோ!" என்கிறார். மல்லாட்டைக்கு இல்லாத தலையெழுத்து மகளுக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது?

இந்தத் தலையெழுத்தைக் கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டுக்கு முன்பு, நீட் வந்த பிறகு, நம் மாகாணத்துச் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் படித்த பிள்ளைகள் வருஷத்திற்கு எத்தனை பேர் சர்க்கார் மெடிகல் காலேஜில் சேர்ந்தார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். 2020-இல் ஒரு சட்டம் வந்தது. சர்க்கார் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் நூற்றுக்கு ஏழரை இடம் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். அந்த ஒரே வருஷத்தில் 300 பேருக்கு மேல் உள்ளே போனார்கள். நான் கேட்கிறேன்: அந்த வருஷத்தில் 300 பிள்ளைகளின் ஜாதகமும் மாறிவிட்டதா? பிரம்மா பழைய எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாரா? மூளைதான் ஒரே வருஷத்தில் முளைத்ததா? ஒன்றுமில்லை. மூடியிருந்த கதவு திறந்தது; அவ்வளவுதான்.

கதவு திறந்தாலும் அது எந்த நாளில் திறக்கிறது, எந்த நாளில் மூடுகிறது, உள்ளே போக என்ன காகிதம் கேட்கிறான் என்று தெரியாதவன் வெளியில்தானே நிற்பான்? நான்கு தலைமுறையாகப் படித்த வீட்டில் இது யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். தாத்தா காலேஜுக்குப் போனவர், அத்தை காலேஜில் வாத்தியாரம்மா, மாமா கச்சேரியில் உத்தியோகம். அந்த வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே பிள்ளைக்கு எல்லாம் காதில் விழுந்துவிடுகிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கோ காலேஜுக்குப் போகிறதில் அவனேதான் முதல் ஆள். கடைசியில் அந்த வீட்டுப் பிள்ளை ஜெயித்தால் "தகுதி, திறமை" என்கிறார்கள். நம் பிள்ளை தவறவிட்டால் "மக்கு" என்கிறார்கள். தோழர்களே! அவர்கள் தகுதி என்று சொல்லிக்கொள்ளுவதில் பாதி, தேதி தெரிந்திருப்பதுதான் என்று நான் துணிந்து சொல்லுவேன். புத்தியைக் கடையில் வாங்க முடியாது. தேதியைத் தெரிந்துகொள்ள யாருக்கும் ஒரு தடையும் இல்லை.

இனி, ப்ளஸ் ஒன்னிலேயே செய்ய வேண்டியவை என்னவென்று ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

முதலாவது, பாடம். 2017-18 முதல் சில ஆண்டுகள் ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுப் பரீட்சை இருந்தது. அதை ஏன் கொண்டு வந்தார்கள்? பல தனியார் பள்ளிகளில் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ பாடத்தையே மனப்பாடம் செய்ய வைத்தார்கள். அதைத் தடுப்பதற்காகவே கொண்டு வந்தார்கள். பிறகு 2025-26 முதல் அந்தப் பொதுப் பரீட்சை எடுக்கப்பட்டுவிட்டது. பிள்ளைகளுக்குப் பயம் குறைந்தது என்ற அளவில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் பரீட்சை போனதேயொழியப் பாடம் போய்விடவில்லை. நீட் பரீட்சையிலும், ஜே.இ.இ. என்கிற இஞ்சினீயரிங் பிரவேசப் பரீட்சையிலும் பதினோராவது, பன்னிரண்டாவது ஆகிய இரண்டு வருஷப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிறது. பிரவேசப் பரீட்சையே வேண்டாம், மார்க்கை வைத்தே இஞ்சினீயரிங் சேருகிறேன் என்றாலும், அங்கே முதல் வருஷக் கணக்குப் பாடம் ப்ளஸ் ஒன் கணக்கின்மேல்தான் நிற்கிறது. கடைக்கால் போடாமல் சுவர் எழுப்பினால் என்ன ஆகும் என்பதை, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்வருகிற நம் ஊர்த் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகையால் "இது சும்மா இருக்கிற வருஷம்" என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, எடுக்கிற குரூப். கணக்கு, பௌதிகம், ரசாயனம், உயிரியல் நான்கும் உள்ள குரூப்பை எடுத்தவனுக்கு இரண்டு வழியும் திறந்திருக்கும். உயிரியலை விட்டுக் கம்ப்யூட்டர் எடுத்தவன் பிறகு "டாக்டராக வேண்டும்" என்றால் சுற்றுவழிதான். கணக்கை விட்டவன் இஞ்சினீயர் ஆக ஆசைப்பட்டாலும் அப்படியே. இஞ்சினீயரிங் கணக்கில் மொத்தம் 200. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. கணக்கில் ஒரு மார்க் போனால் ஒரு மார்க்கே போய்விடும். மற்ற இரண்டிலும் ஒரு மார்க் போனால் அரை மார்க்தான் போகும். இந்தச் சின்னக் கணக்கை ரிசல்ட் வந்த பிறகு தெரிந்துகொண்டு என்ன பிரயோஜனம்? அதற்காக எல்லாப் பிள்ளையும் டாக்டரும் இஞ்சினீயரும்தான் ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. காமர்ஸ் எடுத்த பிள்ளை வக்கீல் ஆகலாம். நம் விழுப்புரத்திலேயே 2017 முதல் சர்க்கார் சட்டக் காலேஜ் இருக்கிறது. அங்கே ஐந்து வருஷப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்கே போதும். பிள்ளை எதை விரும்புகிறது என்று முதலில் கேளுங்கள். எதிர்வீட்டுக்காரர் மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டுக்கொண்டு வந்து பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள்.

மூன்றாவது சங்கதியைத் தாய்மார்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பத்தாவது வரை சர்க்கார் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, ப்ளஸ் ஒன்னில் ஏதாவது பெரிய பெயருள்ள தனியார் பள்ளிக்கு மாற்றுவது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. மாட்டை விற்று, நகையை அடகு வைத்துச் சேர்க்கிறார்கள். அப்படி மாற்றினால் என்ன போகிறதென்று யாராவது அவர்களுக்குச் சொன்னார்களா? ஏழரைப் பங்கு ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை சர்க்கார் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-இல் அது இஞ்சினீயரிங், விவசாயம், கால்நடை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் படிப்புச் சம்பளம், ஹாஸ்டல் செலவு முதலியவைகளைச் சர்க்காரே ஏற்பதென்றும் அந்த வருஷமே முடிவாயிற்று. பெண்கள் காலேஜில் படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் "புதுமைப் பெண்" திட்டம் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் "தமிழ்ப் புதல்வன்" தொடங்கியது. இவைகளுக்கும் சர்க்கார் பள்ளியில், அல்லது உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததுதான் ஆதாரம். ப்ளஸ் ஒன்னில் பள்ளியை மாற்றினால் ஐந்து வருஷ ஆதாரமும் ஒரே நாளில் போயிற்று! பணம் கொடுத்து உரிமையை விற்பது என்பது இதுதான். மாற்றவே கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. கணக்குப் பார்த்து மாற்றுங்கள் என்றுதான் சொல்லுகிறேன்.

நான்காவது, காகிதம். மார்க் இருந்தும் காகிதம் இல்லாமல் இடம் போன கதை எந்த ஊரில் இல்லை? ஜாதி சர்டிபிகேட், வருமான சர்டிபிகேட், இருப்பிட சர்டிபிகேட், வீட்டில் முதல் பட்டதாரி என்பதற்குச் சர்டிபிகேட் எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் மனுப் போடலாம். ஆனால் ரிசல்ட் வந்த பிறகு ஜில்லா முழுவதும் ஒரே சமயத்தில் மனுப் போட்டால், வி.ஏ.ஓ.வும் ஆர்.ஐ.யும் தாசில்தாரும் என்ன செய்வார்கள்? வரிசையும் வளரும், வரிசைக்குக் குறுக்குவழி காட்டுகிற தரகனும் வளருவான். ப்ளஸ் ஒன் லீவிலேயே ஜாதி, இருப்பிட சர்டிபிகேட்டுகளை வாங்கி வைத்துவிட்டால் எந்தத் தரகனுக்கும் காலணா கொடுக்க வேண்டாம். வருமான சர்டிபிகேட்டுக்குக் காலக்கெடு உண்டு. அதை மாத்திரம் ப்ளஸ் டூவில் புதிதாக வாங்குங்கள்.

இன்னொன்று. மத்திய சர்க்கார் ஸ்தாபனங்களில் சேர, நம் மாகாணத்து பி.சி., எம்.பி.சி. சர்டிபிகேட் போதாது. ஓ.பி.சி. என்று அவர்கள் மாதிரியில் தனியாக வாங்க வேண்டும். இது தெரியாமல் பொதுப் போட்டியில் போய் நின்று தோற்றவர்கள் உண்டு. அதோடு பெயர்! ஆதாரில் ஒரு விதம், பள்ளி ரிஜிஸ்தரில் ஒரு விதம், ஜாதி சர்டிபிகேட்டில் ஒரு விதம். இங்கிலீஷில் ஒரு எழுத்து கூடினாலும், இனிஷியல் முன்பின்னாக இருந்தாலும் யந்திரம் ஒப்புக்கொள்ளாது. மூன்றையும் இன்றிரவே வீட்டில் எடுத்து வைத்து ஒத்துப் பாருங்கள். திருத்த வேண்டியிருந்தால் ஒன்றரை வருஷ அவகாசம் இருக்கிறது.

இருளர் தோழர்களின் கஷ்டம் இதைவிடப் பெரியது. பழங்குடியினருக்குத் தாசில்தார் சர்டிபிகேட் கொடுக்க முடியாது; ஆர்.டி.ஓ. அல்லது சப்-கலெக்டர்தான் விசாரித்துக் கொடுக்க வேண்டும். இந்தச் சர்டிபிகேட்டுக்காகத் திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி போன்றவர்களும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் வெகுகாலமாகப் போராடி வருகிறார்கள். தகப்பனாருக்கே சர்டிபிகேட் இல்லாத வீட்டில் பிள்ளைக்கு வாங்க எத்தனை நடை நடக்க வேண்டும்! அவர்கள் ப்ளஸ் ஒன் வரையில்கூடக் காத்திருக்கக் கூடாது. இன்றைக்கே தொடங்க வேண்டும். மற்ற ஜாதித் தோழர்கள் அவர்களோடு கூடப் போய் நிற்க வேண்டும்.

இங்கே ஒரு தோழர், "ஜாதி ஒழிய வேண்டும் என்று பேசுகிற நீங்களே ஜாதி சர்டிபிகேட் வாங்கச் சொல்லலாமா?" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல கேள்வி. வியாதி வந்தவன் ஆஸ்பத்திரிச் சீட்டு வாங்குவது வியாதியின்மேல் ஆசையினாலா? எந்த ஜாதியின் பேரால் படிக்காதே என்று தள்ளி வைத்தார்களோ, அந்தக் கணக்கைக் காட்டித்தான் பாக்கியை வசூலிக்க வேண்டியிருக்கிறது. 1928-இல் முத்தையா முதலியார் மந்திரியாக இருந்தபோது வகுப்புவாரி உத்தரவு அமுலுக்கு வந்தது. 1951-இல் அது கோர்ட்டில் அடிபட்டதும் கிளர்ச்சி எழுந்து, அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. இத்தனை பாடுபட்டு வந்த உரிமையை, ஒரு காகிதம் வாங்கச் சோம்பலாயிருந்து விட்டுவிடுவது புத்திசாலித்தனமாகுமா?

ஐந்தாவது, தேதி. பெரியவர் கேட்டாரே, "ரெண்டு வருஷம் கிடக்குதே" என்று, அதற்கு இப்போது பதில் சொல்லுகிறேன். ஜே.இ.இ. முதல் பரீட்சை வழக்கமாக ஜனவரியில் நடக்கிறது. அதற்கு மனு அதற்கு முந்திய அக்டோபர், நவம்பர் வாக்கில். தேசிய சட்டக் கல்லூரிகளுக்கான கிளாட் பரீட்சை இப்போதெல்லாம் டிசம்பரிலேயே வந்துவிடுகிறது. நீட் பரீட்சை வழக்கமாக மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை. மனு அதற்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே முடிந்துவிடும். மத்திய சர்வகலாசாலைகளுக்கு 2022 முதல் க்யூட் என்று ஒரு பரீட்சை. அதற்கும் மனு ப்ளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்னாலேயே. ஆகவே, ப்ளஸ் டூ ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இனி யோசிப்போம்" என்கிறவனுக்கு இத்தனை கதவும் மூடிப்போயிருக்கும். நம் மாகாண இஞ்சினீயரிங், சர்க்கார் ஆர்ட்ஸ் காலேஜுகள் போன்றவைதான் ரிசல்ட்டை ஒட்டி மனு வாங்குகின்றன. பெரியவருக்கு இரண்டு வருஷமாகத் தெரிவது, உண்மையில் ஒரு வருஷமும் சில மாதமும்தான். அதிலும் ப்ளஸ் டூ வருஷம் பாடத்துக்கே போதாது. யோசிக்கிறதற்கு உள்ள வருஷம் இந்த ப்ளஸ் ஒன் ஒன்றுதான்.

நீட்டும் ஜே.இ.இ.யும் க்யூட்டும் தமிழிலும் எழுதலாம் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். "நீட் நியாயமா?" என்று கேட்டால் நியாயமில்லை என்றுதான் நான் சொல்லுவேன். அதை ஒழிக்கப் பாடுபடுவது நம் வேலை. ஆனால் ஒழிகிற வரையில் நம் பிள்ளையின் இடத்தை விட்டுக் கொடுப்பது போராட்டமாகாது.

மனுப் போடும்போது ஒரே இடத்தை நம்பியிருக்கக் கூடாது. ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள். எட்டினால் நல்லது என்பவை ஒரு பத்தி. அநேகமாகக் கிடைக்கும் என்பவை ஒரு பத்தி. கட்டாயம் கிடைக்கும் என்பவை ஒரு பத்தி. தூரத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் சர்க்கார் மெடிகல் காலேஜ் நடக்கிறது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அண்ணா சர்வகலாசாலையின் இஞ்சினீயரிங் காலேஜுகளும், சர்க்கார் ஆர்ட்ஸ் காலேஜுகளும் இருக்கின்றன. புதுச்சேரியில் மத்திய சர்வகலாசாலை இருக்கிறது. லீவு நாளில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டொன்றைக் காட்டிவிட்டு வாருங்கள். காலேஜ் வாசலைப் பார்க்காத பிள்ளைக்கு அது யாரோ பெரிய மனிதர் வீட்டு வாசல்போல்தான் தோன்றும்.

மனுவில் கொடுக்கிற போன் நம்பர் உங்கள் வீட்டு நம்பராகவே இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கடைக்காரர் நம்பரைக் கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. அவருக்குப் போகும், இடம் ஒதுக்கிய செய்தியும் அவருக்கே போகும். ஓரிரு நாளைக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

ஆறாவது, பெண் பிள்ளைகள். ப்ளஸ் ஒன்னில் படிக்கிற பெண்ணின் வீட்டில் ஒரு பக்கம் புத்தகம், இன்னொரு பக்கம் ஜாதகக் கட்டு. "ப்ளஸ் டூ முடித்ததும் மாமன் மகனுக்கு" என்று ஒரு வாக்குக் கொடுத்து வைத்துவிட்டால், அந்தப் பெண் எந்த ஊக்கத்தோடு படிக்கும்? 1929-இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மகாநாட்டிலேயே பெண்ணுக்குப் படிப்பும் சொத்துரிமையும் வேண்டுமென்று பேசி முடிவு செய்தார்கள். நூறு வருஷத்தை எட்டுகிற காலத்தில், "காலேஜ் தூரத்தில் இருக்கிறது" என்று பெண்ணை நிறுத்தலாமா? அமாவாசை இரவில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னையிலிருந்து இந்த ஊருக்கு வந்து போகிறார்களே, அப்போது தூரமில்லை. திண்டிவனத்துக் காலேஜ்தான் தூரமோ? கலியாணத்துக்குச் சேர்க்கிற பணத்தில் நாலில் ஒரு பங்கு படிப்புக்குப் போதும். இன்று முதல் மாதம் ஐந்நூறு போட்டு வைத்தாலும் ப்ளஸ் டூ முடிகிறபோது மனுச் செலவுக்கும், போக்குவரத்துக்கும், முதல் சம்பளத்துக்கும் கடன்காரன் வாசலில் நிற்க வேண்டாம்.

கடைசியாக, வாலிபத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. படிக்காத தாய் தகப்பனார் இத்தனையையும் தனியாகச் செய்துவிட முடியாது. காலேஜ் படிக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் இரண்டு ப்ளஸ் ஒன் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். படிப்பகத்தின் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டி, எந்த மனு எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று மாதாமாதம் எழுதி வையுங்கள். தேதிகளும் சலுகைகளும் வருஷத்துக்கு வருஷம் மாறும். ஆகையால் நான் சொன்னதையே பிடித்துக்கொண்டிராமல், அந்தந்த வருஷத்துச் சர்க்கார் அறிக்கையைப் பார்த்து எழுதுங்கள். உபாத்தியாயர்களையும் கேளுங்கள்.

தாய்மார்களே! மனுப் போட நல்ல நாள் பார்க்காதீர்கள். பரீட்சைப் பேனாவைப் பூஜைக்கு வைக்காதீர்கள். கடைசி நாளில் சர்வர் படுத்துக்கொள்ளும். அதற்கு முந்திய எந்த நாளும் நல்ல நாள்தான்.

நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மாத்திரம் செய்யுங்கள். ஆனால் யோசிப்பதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைக்காதீர்கள்.